நீலப் பொட்டு வைத்த தோட்டா

அத்தியாயம் 7

செத்துப்போனதை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள்.

"கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கலாமா?" என்று கேட்ட எமெட், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

வெண்டல் ஆஸ்ட்பிக்கு அது கிண்டலாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரிப்பை விலக்கினார். கராஜ் மேஜையின் மேல், தோட்டா அடைக்கிற மெஷின் ஒன்று உடம்பில் மூன்று ஓட்டைகளோடு தலை சாய்ந்து நின்றது. மோட்டார் பிளந்து, வெடிமருந்துக் குழாய் உடைந்து, பல்சக்கரங்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன.

"கல்யாண நாளுக்கு என் கோரின் வாங்கிக் கொடுத்தது," என்றார் வெண்டல். "மே மாசம் வந்துச்சு. ஆகஸ்ட்ல போயிடுச்சு. வாழ வேண்டிய வயசு."

எமெட் பலூஸ்கி துப்பறிவாளர் மார்வா டிட்ரிக்ஸனிடம் உதவியாளனாகச் சேர்வதற்கு முன்னால் ரோடியோ மைதானத்தில் கோமாளியாக இருந்தவன். கீழே விழுந்த ஆளை மாடு குத்தாமல், தன்னைத் துரத்தும்படி சேட்டை செய்வதுதான் அங்கே வேலை. வேலையை விட்டானே ஒழிய வாயை விடவில்லை. மார்வா முன்பு மாட்டுச் சூடு இன்ஸ்பெக்டர். சந்தைக்கு வருகிற மாட்டின் தொடையில் இருக்கும் சூட்டைப் பார்த்து, இது யார் வீட்டில் பிறந்தது, யார் வீட்டுக்குக் களவு போனது என்று சொல்லியே பென்ஷன் வரை வந்தவர். பேச்சு குறைவு. பேசினாலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

"மெஷின் என்ன செய்யும்?" என்றார் மார்வா இப்போது.

கேட்டிருக்கக் கூடாது. மான்டானாவில் மழை நிற்கும், தோட்டா அடைக்கிறவன் பேச்சு நிற்காது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை மேலே கொட்டினால் போதுமாம். மெஷினே ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் தீப்பொறி தருகிற பழைய பிரைமர் மூடியைத் தட்டிவிட்டு, புதியதைப் பொருத்தி, மருந்து நிரப்பி, தலையில் குண்டை வைத்து அழுத்தி, முழுத் தோட்டாவாகக் கீழே தள்ளிவிடுமாம். மற்றவர்கள் வீட்டில் எல்லாம் லீவரைக் கையால் இழுக்க வேண்டும். வெண்டல் வீட்டில் பொத்தான்.

டர்னிப் க்ரீக்கில் இது சாதாரண விஷயம் அல்ல. கடையில் தோட்டா வாங்குகிறவனை, ஹோட்டலில் சாப்பிட்டே காலம் தள்ளுகிறவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்க்கிற ஊர் அது. வீட்டிலேயே அடைத்தால் சிக்கனம் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சிக்கனத்துக்காக வாங்கிக் குவித்த கருவிகளை வைக்க கராஜ் போதாமல் குளிர்காலத்திலும் எல்லோருமே காரைப் பனியில்தான் நிறுத்தினார்கள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் துப்பாக்கிக் கிளப் கூட்டத்துக்குப் போயிருந்தேன்," என்றார் வெண்டல். "திரும்பி வந்தா ஜன்னல் உடைஞ்சிருக்கு. வெளியிலிருந்து சுட்டிருக்கான். ஜன்னலுக்குக் கீழ புல்லுல மூணு காலிக் கூடு. மூணுலயும் அடியில நீலப் பொட்டு."

நீலப் பொட்டு என்றால் டெல்பர்ட் நூனன். கிளப்பில் ஆளாளுக்கு ஒரே மாதிரிக் கூடுகள் என்பதால், தன்னுடையதை அடையாளம் காண டெல்பர்ட் ஒவ்வொன்றின் அடியிலும் நீல நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். அதோடு வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வராத ஒரே ஆளும் அவர்தான். ஷெரிஃப் ஹாஸ்கெலுக்கு அதற்கு மேல் யோசிக்கப் பொறுமை இல்லை. வழக்குப் பதிவு செய்து, பிணையில் விட்டிருந்தார். டெல்பர்ட்தான் மார்வாவைத் தேடி வந்தவர்.

"டெல்பர்ட் ஏன் சுடணும்?"

"பொறாமை. வேறென்ன? நான் பொத்தானை அழுத்திட்டு காபி குடிக்கிறேன். அவன் லீவரை இழுத்து இழுத்து தோள் கழண்டு போய் நிக்கிறான்."

"முன்னாடி நீங்களும் லீவர்தானே? எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் சாப்பிட்டுட்டு இங்க வந்து உக்காந்தா படுக்கப் போற வரைக்கும். தினமும்தான். யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது. மருந்து அடைக்கிறப்ப கவனம் சிதறினா ஆபத்து, தெரியுமில்ல?"

"இப்ப?"

"இப்ப ஒரு காலை வேளை போதும். மாசத்துக்கு வேண்டியது முடிஞ்சிடும். எவ்வளவு நேரம் மிச்சம்னு நினைச்சுப் பாருங்க."

"மிச்சமான நேரத்துல என்ன செய்றீங்க?"

வெண்டலின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "வீட்டுக்கு உதவியா இருக்கேன்."

*

உதவி எப்படிப்பட்டது என்று சமையலறைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. அலமாரிக் கதவுகள் அத்தனையிலும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. கரண்டிகள் நீளத்தின்படி வரிசையாகத் தொங்கின. அடுப்புக்கு மேலே, ஓட்டப்பந்தயத்தில் நேரம் பார்க்கிற கடிகாரம் ஒன்று ஆணியில் ஆடியது.

"இது அவசரமா எடுக்கிற கரண்டி," என்று வெண்டல் காட்டினார். "இது நிதானமா எடுக்கிற கரண்டி."

"சூப்புக்குத் தெரியுமா நாம எவ்வளவு அவசரம்னு?" என்றான் எமெட்.

கோரின் ஆஸ்ட்பி ஜன்னல் பக்கம் நின்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒடிசலான பெண்மணி, நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். அவர் எதிரே சாய்வான ஒரு மரப்பாதை. வெட்டிய துண்டுகள் அதில் உருண்டு நேராக ஜாடிக்குள் விழும்படி வெண்டல் செய்து வைத்தது. கோரின் அதைத் தொடாமல் துண்டுகளைக் கையால் அள்ளி ஜாடியில் போட்டார்.

"பார்த்தீங்களா, பழக்கம் போகலை," என்றார் வெண்டல். "ஒரு ஜாடிக்கு எவ்வளவு நேரம் வீணாகுதுன்னு பக்கத்துல நின்னு அளந்து காட்டியும் கேக்க மாட்டேங்கிறா. கோரின், வலது கை, வலது கை."

கத்தி ஒரு கணம் நின்று, பிறகு பலகையில் தட்டென்று இறங்கியது.

"வியாழக்கிழமை நீங்க வீட்டுலதான் இருந்தீங்களா?" என்று மார்வா கேட்டார்.

"ஜாடி கொதிக்க வச்சிட்டிருந்தேன். சத்தத்துல ஒண்ணும் கேக்கலை," என்றார் கோரின். காபி ஊற்றித் தந்தார். ருபார்ப் கேக்கை வெட்டித் தந்தார். எமெட் இரண்டாவது துண்டு கேட்டபோது மூன்றாவதையும் சேர்த்து வைத்தார். நல்ல மனுஷி என்று எமெட் அப்போதே தீர்மானித்துவிட்டான். கேக் விஷயத்தில் அவன் தீர்ப்பு தப்பாது.

*

வண்டியில் ஏறியதும் மார்வா ஒரு சாண்ட்விச் பையை எடுத்தார். ஷெரிஃப் கொடுத்த தடயம். உள்ளே மூன்று கூடுகளோடு ரொட்டித் தூளும் கொஞ்சம் இருந்தது.

"வெண்டல் வீட்டுத் துப்பாக்கிகளை ஷெரிஃப் பார்த்தாராமா?" என்றான் எமெட்.

"கேட்டேன். 'பொட்டுதான் இருக்கே, அப்புறம் எதுக்குப் பார்க்கணும்'னார். நீ பொட்டைப் பாரு."

எமெட் ஒரு கூட்டைக் கண்ணருகே பிடித்தான். வட்டமான அடிப்பாகத்தில் கம்பெனிப் பெயர் பொறித்திருந்தது. நீலம் அந்த எழுத்துக்களின் பள்ளத்துக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே பித்தளை பளபளவென்று இருந்தது.

"தேய்ஞ்சிருக்கு பாஸ்."

"ஏன்?"

"அடிக்கடி குளிக்கிற கூடு போல."

மார்வா சிரிக்காமல் வண்டியைக் கிளப்பினார். அவர் சிரிக்காவிட்டால் தான் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம் என்பது எமெட்டுக்குப் பழகிப்போயிருந்தது.

டெல்பர்ட் நூனன் குதிரைக் கொட்டிலில் இருந்தார். கிடைத்த வேலையை எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் மலையில் போய் நின்றவர். இலையுதிர் காலம் வந்தால் வெளியூர்க்காரர்களைக் குதிரையில் ஏற்றி, எல்க் மான் வேட்டைக்கு மேலே அழைத்துப்போவதுதான் பிழைப்பு. வியாழக்கிழமை அவருடைய கிழட்டுப் பெட்டைக் குதிரைக்கு வயிற்று வலி. கூட்டத்துக்குப் போகாமல் அதை நடத்திக்கொண்டே இருந்தாராம். சாட்சி அந்தக் குதிரை மட்டும்தான்.

"திங்கட்கிழமை ஜட்ஜ் முன்னாடி நிக்கணும்," என்றார். "ஆள் இருக்கிற வீட்டைப் பார்த்துச் சுட்டதா எழுதியிருக்காங்க. பெருங்குற்றம். தீர்ப்பாயிட்டா அப்புறம் சாகற வரைக்கும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஒரு தோட்டாவைக்கூடக் கையில வச்சிருக்கக் கூடாது. வழிகாட்டி லைசென்சும் போயிடும். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான், மார்வா. குதிரைங்களை வித்துட்டு நான் எங்க போய் உக்காருவேன்?"

வாயில் தயாராக இருந்த ஜோக்கை எமெட் விழுங்கிவிட்டான். அந்த மனுஷர் அழவில்லை. ஆனால் பேசிக்கொண்டே, கட்டின கயிற்றையே திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூட்டைக் கழுவுவீங்களா?" என்றார் மார்வா.

"சோளத்தக்கைத் தூள்ல போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவேன். எல்லாரும் அப்படித்தான். பொட்டு அழிஞ்சிடும். எடுத்ததும் முதல் வேலையா மறுபடி பொட்டு வைப்பேன். பொட்டு இல்லாம ஒண்ணுகூட மெஷின் பக்கம் போகாது."

மார்வா சாண்ட்விச் பையை நீட்டினார். டெல்பர்ட் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது என் கூடுதான். ஆனா இது என் பொட்டு இல்லை. அதாவது, பழைய பொட்டு. எவனோ கழுவியிருக்கான். கழுவிட்டு அப்படியே மருந்து அடைச்சிருக்கான்."

"உங்க வீட்டுல பிறந்த கன்னு," என்றார் மார்வா, "வேற வீட்டுப் புல்லைத் தின்னு வளர்ந்திருக்கு."

"எவனோ என் கூட்டைப் பொறுக்கியிருக்கான்." டெல்பர்ட்டின் குரல் நடுங்கியது. பிழைப்பு போவதைப் பற்றிப் பேசியபோது வராத நடுக்கம். "சுடுமைதானத்துல என் பக்கத்துல நின்னு, என்கூடச் சிரிச்சுப் பேசி, காலால தள்ளித் தள்ளித் தன் வாளியில சேர்த்திருக்கான்."

டர்னிப் க்ரீக்கில் அடுத்தவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அடுத்தவன் கூட்டைப் பொறுக்கினால் தலைமுறைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"இன்னொண்ணு கேக்கறேன்," என்றார் மார்வா. "நீங்க ஒரு வேளை சுட்டிருந்தா, அந்த மூணு கூட்டையும் புல்லுல விட்டுட்டு வந்திருப்பீங்களா?"

டெல்பர்ட் அவரை விநோதமாகப் பார்த்தார். "விட்டுட்டா? ஏன் விடணும்? ஷெரிஃப் பின்னாடி துரத்திட்டு வந்தாலும் பொறுக்கிட்டுத்தானே ஓடுவேன்?"

*

சனிக்கிழமை கிளப்பில் போட்டி. டர்னிப் க்ரீக் முழுக்க சுடுமைதானத்தில் இருந்தது. ஆண்கள் சுட்டார்கள், சுட்டு முடித்ததும் எல்லோரும் பயிர் நடுகிறவர்களைப்போல் வரிசையாகக் குனிந்து தங்கள் கூடுகளைப் பொறுக்கினார்கள். சிலரிடம் குனியாமலே பொறுக்க, குச்சியில் மாட்டிய கம்பிக்கூண்டு உருளை இருந்தது. அதை உருட்டிப் பொறுக்கிவிட்டு, விட்டுப்போனது ஏதாவது இருக்குமோ என்று அவர்களும் குனிந்தார்கள்.

கொட்டகையில் சாப்பாட்டு மேஜை. பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், கோரினின் வெள்ளரிக்காய் ஊறுகாய். மேஜை ஓரத்தில் மார்வா ஒரு வாளியோடு நின்றார். வாளி நிறைய, புத்தம் புதிதாக மினுங்குகிற காலிக் கூடுகள்.

"நான் தடுக்கி விழற மாதிரி விழுந்து இதைக் கொட்டப்போறேன்," என்று எமெட்டிடம் முணுமுணுத்தார். "நீ கண்ணைத் திறந்து வச்சிக்கோ."

"எவன் பொறுக்கித் தன் பாக்கெட்டுல போட்டுக்கறானோ அவன்தான் திருடன். சரியா பாஸ்?"

"நீ பாரு, போதும்."

மார்வா விழவில்லை, அந்த வயதில் அதெல்லாம் சரிப்படாது என்று கடைசி நிமிஷத்தில் தோன்றியிருக்க வேண்டும். வாளியைப் பட்டென்று காலால் தள்ளிவிட்டார். கூடுகள் கலகலவென்று சிமென்ட் தரையில் கொட்டி நாலாபக்கமும் உருண்டன.

கொட்டகையே குனிந்தது. வாயில் பீன்ஸோடு குனிந்தார்கள். இடுப்புப் பிடிப்பு என்று காலையிலிருந்து புலம்பிய ஆள் குனிந்தார். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பாதிரியார் ஆமென்னுக்குக் காத்திராமல் குனிந்தார். ஷெரிஃப் ஹாஸ்கெல் குனிந்தார். மனைவிமார்கள், குழந்தைகள், ஒரு நாய் உட்பட எல்லோரும் தரையில். எமெட் பாக்கெட்டுகளைக் கண்காணித்தான். நிமிர்ந்தபோது தன் கையிலேயே ஏழெட்டு இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு வாளியில் போட்டான்.

"ரெண்டு பேர், பாஸ்," என்றான் ரகசியமாக. "பாதிரியார் ஒண்ணு அமுக்கினார். ஷெரிஃப் மூணு."

"நீ குனிஞ்சவங்களைப் பார்த்தே," என்றார் மார்வா. "அந்த மூணு கூட்டையும் புல்லுல விட்டுட்டுப் போனவங்க குனியறவங்க இல்லை, எமெட்."

அவர் பார்வை போன திசையில் எமெட் பார்த்தான். கோரின் ஆஸ்ட்பி உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, தரையில் தவழ்கிற ஊர் ஜனங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு கூடு குறுக்கே கிடந்தது. செருப்பு நுனியால் அதை ஓரமாக எத்திவிட்டு நடந்தார்.

கேக்கில் மூன்று துண்டு வைத்த கை. எமெட்டுக்கு என்னவோ போலிருந்தது.

*

கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் மூன்று பேரும் நின்றார்கள். மார்வா சுற்றி வளைக்கவில்லை.

"எல்லாரும் குனிஞ்சாங்க. நீங்க குனியலையே."

"முப்பது வருஷம் குனிஞ்சவதான்," என்றார் கோரின். "துவைக்கிற மெஷினுக்குள்ள கிடக்கும், எடுப்பேன். கார் சீட்டுக்கு அடியில கிடக்கும், எடுப்பேன். எங்கம்மாவைப் புதைக்கிற அன்னைக்கு வெண்டல் கோட்டுப் பையிலிருந்து கல்லறைப் புல்லுல விழுந்துச்சு, அதையும் எடுத்தேன். இனிமே இல்லைன்னு இந்த வருஷம் முடிவு பண்ணிட்டேன்."

"ஏன் சுட்டீங்க?"

"அவனைச் சுட முடியாதே."

எமெட் இருமினான். கோரின் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சாப்பிட்ட அப்புறம் அவன் கராஜுக்குப் போயிடுவான். நான் தனியா உக்காந்திருப்பேன். இந்த மெஷின் வந்தா வேலை சீக்கிரம் முடியும், கொஞ்ச நேரம் என்கூட உக்காருவான்னு நினைச்சு வாங்கினேன். அவன் உக்காரலை. நின்னான். நான் துணி மடிச்சா பின்னாடி நின்னான். பாத்திரம் தேய்ச்சா பின்னாடி நின்னான். கையில அந்தக் கடிகாரம். வியாழக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பறப்ப என்ன சொன்னான் தெரியுமா? நாளையிலிருந்து நான் பல் தேய்க்கிறதையும் பார்க்கணுமாம், அதுல நேரம் வீணாகுதாம். அவன் வண்டி திரும்பினதும் என் தலைமாட்டுல இருந்த துப்பாக்கியை எடுத்துட்டுப் போனேன். வெளியில நின்னு ஜன்னல் வழியா சுட்டா யாரோ வந்து சுட்ட மாதிரி இருக்கும்னு தோணுச்சு."

"அந்தப் பழி டெல்பர்ட் மேல விழுந்திருக்கு."

"பொட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஷெரிஃப் வந்து சொன்னப்பத்தான் கேள்விப்பட்டேன். அபராதம் கட்டினா போயிடும்னு நினைச்சேன். அதை நானே யாருக்கும் தெரியாம கட்டிடலாம்னு இருந்தேன்."

"அபராதம் இல்லைம்மா," என்றான் எமெட். குரலில் விளையாட்டு இல்லை. "திங்கட்கிழமை தீர்ப்பு அப்படிப் போச்சுன்னா அவர் இனிமே மலை ஏற முடியாது. சாகற வரைக்கும்."

 கோரின் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் நடந்தார். பின்னாலேயே இரண்டு பேரும் ஓட வேண்டியிருந்தது.

*

"நான்தான் சுட்டேன்," என்றார் கோரின், ஷெரிஃப் தட்டின் முன்னால் நின்று.

 வெண்டல் கையிலிருந்த முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

ஷெரிஃப் ஹாஸ்கெல் நல்ல மனிதர். அதனால்தான் நம்பவில்லை. "டெல்பர்ட் மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க, கோரின். உங்க மனசு எனக்குத் தெரியாதா? ஆனா பொட்டு வச்ச கூடு டெல்பர்ட்டோடது. அது உங்க துப்பாக்கிக்குள்ள எப்படிப் போச்சு, சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்கென்ன தெரியும்? அதுல தோட்டா போட்டு வச்சவன் இவன்."

ஊர் மொத்தமும் வெண்டல் பக்கம் திரும்பியது.

மாடு பாயப்போகிறதா, ஒதுங்கப்போகிறதா என்று கண்ணைப் பார்த்தே சொல்லப் பழகியவன் எமெட். வெண்டலின் கண் வாசல் பக்கம் போனது. மனைவி சுட்டாள் என்பது அவருக்குப் புதிய செய்தி. முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் பொட்டு எப்படி வந்தது என்பது புதிய செய்தி அல்ல. முதல் நாளே தெரியும். நீலப் பொட்டை வைத்து டெல்பர்ட்தான் சுட்டார் என்று சொல்ல முடியாது, தன் வீட்டு அலமாரியிலேயே அந்தக் கூடு நிறைய இருக்கிறது என்று தெரிந்தே, ஒரு மனிதனை ஜட்ஜ் முன்னால் நிறுத்தத் துணிந்திருக்கிறார். சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் டெல்பர்ட்டின் பிழைப்பு போகும். எமெட்டுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கோபம்தான் அதிகம்.

"ஞாபகம் இல்லை," என்றார் வெண்டல்.

"யோசிச்சுப் பாருங்க," என்றார் மார்வா. "அவசரமில்லை. நிதானமான கரண்டியை எடுத்துக்கங்க."

டெல்பர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கத்தவில்லை. "வெண்டல், உன் மகன் முதல் மானை அடிச்சப்ப நீ கராஜ்ல இருந்தே. அவன்கூட மலையில இருந்தவன் நான். அவனைத் தோள்ல தூக்கிட்டு இறங்கினேன். எனக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். உள்ளதைச் சொல்லு, போதும்."

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தட்டுக்கு நேராக வைத்தார். பிறகு அதைக் கோணலாகத் தள்ளிவிட்டார்.

"நான்தான் பொறுக்கினேன்," என்றார். "டெல்பர்ட்டோட கூட்டை."

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மனைவி துப்பாக்கி தூக்கினாள் என்றபோது அசையாமல் இருந்த ஊர், இப்போது நாற்காலிகளைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றது.

"எவ்வளவு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு வாளி."

"கடவுளே," என்றார் பாதிரியார், பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டு.

"சின்ன வாளிதான்," என்றார் வெண்டல்.

ஷெரிஃப் எழுந்து தொண்டையைச் செருமினார். "டெல்பர்ட், உன் மேல இருக்கிற வழக்கை நானே போய் ரத்து பண்ண வைக்கிறேன். நீ உன் குதிரைங்களைப் பார்த்துக்க. தப்பு என்னோடது." சொல்லும்போது முகம் சிவந்திருந்தது, அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். "கோரின் சுட்டது அவங்க வீட்டு ஜன்னல், அவங்க வாங்கின மெஷின். வீட்டுல வேற யாரும் இல்லை. வெண்டல், உனக்குப் புகார் எதுவும் இருக்கா?"

வெண்டல் மனைவியைப் பார்த்தார். கையில் கடிகாரம் இல்லாமல் அவர் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும் போலிருந்தது. "இல்லை," என்றார்.

டெல்பர்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எமெட் பக்கத்தில் போய் ஒரு தட்டில் சாலட் வைத்துக் கொடுத்தான். அவர் அதைச் சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டு, மலை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப முடிஞ்சுதா பாஸ்?" என்றான் எமெட்.

"இரு," என்றார் மார்வா.

ஷெரிஃப் தன் உத்தியோகத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பின்பாக்கெட்டிலிருந்து கிளப் தொப்பியை உருவி, உதறி, தலையில் மாட்டினார். டர்னிப் க்ரீக் துப்பாக்கிக் கிளப்பின் தலைவரும் அவர்தான். தொப்பி மாறியதும் முகத்தில் இருந்த தயவெல்லாம் போய்விட்டது.

"இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்," என்றார். "வெண்டல் ஆஸ்ட்பி, அடுத்தவர் கூட்டைப் பொறுக்கின குத்தத்துக்கு உன்னைக் கிளப்பிலிருந்து ஒரு வருஷம் நீக்கறேன். சனிக்கிழமை போட்டி கிடையாது. வியாழக்கிழமை கூட்டம் கிடையாது. மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுலயே இருந்துக்கறேன்," என்றார்.

அதுவரை கலங்காமல் நின்றிருந்த கோரினின் முகம் அப்போதுதான் வெளுத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஷெரிஃபின் கிட்டப் போய், கழற்றி வைத்திருந்த உத்தியோகத் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஷெரிஃப், கொஞ்சம் இதைத் திரும்பப் போட்டுக்கறீங்களா?"

"எதுக்கு, கோரின்?"

"சுட்டது நான்தான்னு சொன்னேனே. அதுக்கு உள்ள வைப்பீங்கல்ல?"

"அதான் வழக்கே இல்லைன்னு ஆயிடுச்சே. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"இல்லை," என்றார் கோரின், குரலைத் தாழ்த்தி. "ஒரு வருஷம் கிடைக்குமான்னு கேட்டேன்."